பள்ளி விடுமுறையும் நம் பாராமுகமும்

நிலத்தைப் பாகம் பிரிப்பதில் நம்மவர்களுக்கு இருக்கும் கவனம் பெரியது. அண்ணன் தம்பிக்கு இடையே இரண்டு ஏக்கர் பிரிகிறது என்றால் ஊர்ப் பெரியவர்கள் உட்காருகிறார்கள். சர்வேயர் வந்து அளக்கிறார், கல் நடுகிறார்கள். கிணறு பொதுவில் இருந்தால் யாருக்கு எந்தெந்தக் கிழமை மோட்டார் போடும் முறை, கரண்ட் இல்லாமல் போன நாளுக்கு என்ன ஈடு, வண்டி போய்வர எத்தனை அடி பாதை, வரப்பில் நிற்கும் தென்னையின் காய் யாருக்கு என்பதுவரை பத்திரத்தில் ஏறிவிடுகிறது. வாய்ப்பேச்சாக விட்டால் நாளைக்கு அரிவாளில் போய் முடியும் என்று நமக்குத் தெரியும். அதே ஊரில், சில சமயம் அதே குடும்பத்தில், ஒரு கணவனும் மனைவியும் பிரிகிறார்கள். அவர்களுடைய எட்டு வயது மகளின் கோடை விடுமுறையை மட்டும் "லீவு வரட்டும், பாத்துக்கலாம்" என்று விட்டுவிடுகிறோம்.

இந்தப் பாராமுகம் ஒருவர் இருவருடையது இல்லை. மனு எழுதும் வழக்கறிஞர், பஞ்சாயத்துப் பேசும் பெரியவர், "என் பேரன் அந்த வீட்டு வாசப்படியை மிதிக்கக் கூடாது" என்று சொல்லும் தாத்தா, வகுப்பு ஆசிரியர், பக்கத்து வீட்டுக்காரர், குடும்பத்தைப் பற்றிப் பக்கம் பக்கமாக எழுதும் பத்திரிகைக்காரர்கள் என எல்லாருக்கும் இதில் பங்கு உண்டு. பிரிந்த பெற்றோர் இருவரும் காயத்தோடும் கோபத்தோடும் இருப்பவர்கள். அவர்கள் கண்ணுக்குச் சில நாள் பிள்ளை தெரியாமல் போவதைப் புரிந்துகொள்ள முடியும். சுற்றி நிற்கும் நமக்கு அந்தச் சாக்கும் கிடையாது.

பள்ளி விடுமுறை இவ்வளவு பேசவேண்டிய விஷயமா என்று சிலர் கேட்கலாம். தமிழ்நாட்டில் படிக்கும் ஒரு பிள்ளையின் ஆண்டை எடுத்துக்கொள்வோம். காலாண்டுத் தேர்வு முடிந்ததும் ஆயுத பூஜையை ஒட்டிச் சில நாள் விடுமுறை. ஐப்பசியில் தீபாவளி. டிசம்பர் கடைசியில் அரையாண்டு விடுமுறை, ஜனவரியில் பொங்கல். பிறகு ஏப்ரல் கடைசியிலிருந்து ஜூன் தொடக்கம்வரை முழு ஆண்டு விடுமுறை. மீதி நாளெல்லாம் பள்ளி, டியூஷன், வீட்டுப்பாடம். பிரிந்து வாழும் அப்பாவோ அம்மாவோ தன் பிள்ளையோடு உண்மையிலேயே சேர்ந்து வாழக் கிடைப்பது இந்த விடுமுறை நாட்களில்தான். சனிக்கிழமை மதியம் ஒரு மாலில் மூன்று மணி நேரம் சந்திக்கிறவர் ஐஸ்கிரீம் வாங்கித் தர முடியும், பொம்மை வாங்கித் தர முடியும். நள்ளிரவில் காய்ச்சல் கண்டால் நெற்றியில் துணி போட முடியாது. பிள்ளை அடம் பிடிக்கும்போது கண்டிக்கவும், கண்டித்த பிறகு சமாதானம் செய்யவும் நேரம் போதாது. பிள்ளை எந்தப் பக்கம் திரும்பிப் படுக்கும் என்பதுகூடத் தெரியாத ஒரு தகப்பனைத் தொடர்ச்சியான பத்து நாள் தகப்பனாக்கும். அந்தப் பத்து நாளைத்தான் நாம் யாரும் கணக்கில் எடுக்கவில்லை.

நீதிமன்றத்துக்குப் போகிற குடும்பங்களை முதலில் பார்ப்போம். பரஸ்பர சம்மதத்தோடு விவாகரத்துக்குப் போடும் மனுக்களைப் படித்தவர்களுக்குத் தெரியும். நகை எத்தனை பவுன், எப்போது திருப்பித் தருவது, ஜீவனாம்சம் ஒரே தவணையா இரண்டு தவணையா, வரைவோலை எந்த வங்கியில், சீர் கொடுத்த கட்டிலும் பீரோவும் எப்போது எடுத்துச் செல்லப்படும் என்று வரிசையாக வரும். பிள்ளையைப் பற்றி ஒரு பத்தி இருக்கும். மைனர் குழந்தை தாயின் பொறுப்பில் இருக்கும், தந்தை அவ்வப்போது வந்து பார்க்கலாம். அவ்வளவுதான். இந்த 'அவ்வப்போது' என்பதற்குள் தீபாவளி அடங்குமா, பொங்கல் அடங்குமா, இரவு தங்கலாமா, ஊருக்குக் கூட்டிப் போகலாமா என்று கேட்க அன்றைக்கு யாருக்கும் பொறுமை இருப்பதில்லை. இரு தரப்பும் கையெழுத்துப் போட்டுவிட்டு வெளியே போனால் போதும் என்று இருக்கிறார்கள். இந்த இடத்தில் நிறுத்தி, ஒரு மணி நேரம் உட்காரவைத்துப் பேசியிருக்க வேண்டியது அவர்களுக்காக மனு எழுதியவர்கள். பேசியவர்கள் குறைவு.

கொஞ்சம் விவரமாக எழுதப்படும் உத்தரவுகளிலும் 'கோடை விடுமுறையில் பாதி' என்று இருக்கும். எந்தப் பாதி? மே 1 முதல் 15 வரையா, கடைசித் தேர்வு முடிந்த அன்று மாலையிலிருந்தா? மாநிலப் பாடத்திட்டத்தில் படிக்கும் பிள்ளைக்கு ஒரு தேதி, சி.பி.எஸ்.இ. பள்ளிப் பிள்ளைக்கு வேறு தேதி. வெயில் அதிகம் என்று பள்ளி திறப்பு தள்ளிப்போவது இப்போது வாடிக்கையாகிவிட்டது. 2023-இல் ஜூன் தொடக்கத்தில் திறக்கவேண்டிய பள்ளிகள் முதலில் 7-ஆம் தேதிக்குத் தள்ளப்பட்டன. பிறகு 6 முதல் 12 வரையிலான வகுப்புகளுக்கு 12-ஆம் தேதி, 1 முதல் 5 வரை 14-ஆம் தேதி என்று மாறியது. 2024-இல் ஜூன் 6 என்றிருந்தது 10 ஆனது. ஏழாம் வகுப்பு அக்காவும் நான்காம் வகுப்புத் தம்பியும் உள்ள வீட்டில் கூடுதலாக வந்த அந்த நாட்கள் யாருக்கு? மற்ற வீடுகளில் அது இனிப்பான செய்தி. இந்த வீட்டில் இரண்டு பெரியவர்கள் போனில் கத்த, பிள்ளைகள் அடுத்த அறையில் டிவி சத்தத்தைக் கூட்டி வைத்துக்கொள்ளும் நாள். தேதி மாறினால் என்ன செய்வது என்று ஒரு வரி எழுதியிருந்தால் போதும்.

ஏப்ரல் வந்தால் குடும்ப நீதிமன்றங்களில் விடுமுறைக்குப் பிள்ளையைக் கேட்டு இடைக்கால மனுக்கள் குவியத் தொடங்கும். எதிர்மனுவில் வழக்கமான காரணங்கள் வரும். பிள்ளைக்கு வெயில் ஒத்துக்கொள்ளாது, ஸ்பெஷல் கிளாஸ் இருக்கிறது, நீச்சல் வகுப்புக்குப் பணம் கட்டியாகிவிட்டது, அங்கே போனால் பிள்ளை அழுகிறது. இவற்றில் சில உண்மையாகவே இருக்கும். எது உண்மை என்று பார்க்க நேரம் வேண்டும். மே மாதத்தில் உயர் நீதிமன்றத்துக்கும் சிவில் நீதிமன்றங்களுக்கும் கோடை விடுமுறை. அவசர வழக்குகளுக்கு மட்டும் விடுமுறைக்கால அமர்வுகள் இருக்கும். ஏப்ரல் கடைசியில் ஒரு வாய்தா தள்ளிப்போனால் பிள்ளையின் விடுமுறையில் கணிசமான பகுதி போய்விடுகிறது. உத்தரவு கிடைத்தாலும் மேல்முறையீடு, தடை கோரும் மனு என்று ஓடி, அது நடைமுறைக்கு வருவதற்குள் பள்ளி திறந்துவிடும். கடன் வழக்கு ஓராண்டு இழுத்தால் வட்டியோடு வசூலித்துக்கொள்ளலாம். எட்டாவது வயதின் கோடையை ஒன்பதாவது வயதில் யாரும் திருப்பித் தர முடியாது. இது தெரிந்தும், ஜூன் மாதமே பேசி முடித்திருக்க வேண்டியதை ஆண்டுதோறும் ஏப்ரல்வரை தள்ளிப்போடுகிறோம்.

சட்டம் இல்லாமல் நாம் இப்படி இருக்கவில்லை. 1890-ஆம் ஆண்டின் காப்பாளர்கள் மற்றும் காப்பிலுள்ளோர் சட்டம், பிள்ளை விவரம் தெரிந்த வயதில் இருந்தால் அதன் விருப்பத்தை நீதிமன்றம் கருத்தில் கொள்ளலாம் என்று 17-ஆவது பிரிவில் சொல்கிறது. இந்து திருமணச் சட்டத்தின் 26-ஆவது பிரிவும், இயன்ற வரையில் பிள்ளைகளின் விருப்பத்துக்கு இணங்க உத்தரவு இருக்கட்டும் என்கிறது. 1956-ஆம் ஆண்டின் இந்து இளவர் மற்றும் காப்பாளர் சட்டம் பிள்ளையின் நலனே தலையாயது என்று எழுதி வைத்திருக்கிறது. இந்தியா 1992-இல் ஏற்றுக்கொண்ட ஐ.நா. குழந்தைகள் உரிமை உடன்படிக்கையில், பிள்ளையின் நலனுக்குக் கேடில்லாதவரை பெற்றோர் இருவரோடும் நேரடித் தொடர்பில் இருப்பது பிள்ளையின் உரிமை என்று 9-ஆவது பிரிவு சொல்கிறது. தன்னைப் பற்றிய முடிவில் பிள்ளையின் குரலைக் கேட்கவேண்டும் என்கிறது 12-ஆவது பிரிவு. ஓய்வும் விளையாட்டும் பிள்ளையின் உரிமை என்கிறது 31-ஆவது பிரிவு. மூன்றையும் சேர்த்துப் படித்தால் கோடை விடுமுறை யாருடையது என்பதில் சந்தேகம் வர வழியில்லை.

2015 மே மாதம் இந்தியச் சட்ட ஆணையம் தன்னுடைய 257-ஆவது அறிக்கையை அரசிடம் கொடுத்தது. நீதிபதி ஏ.பி. ஷா தலைமையிலான ஆணையம் அது. பெற்றோர் கூட்டாகப் பிள்ளையின் பொறுப்பை ஏற்கும் முறையைச் சட்டத்தில் சேர்க்கலாம், பிரியும்போதே பெற்றோர் ஒரு பராமரிப்புத் திட்டம் எழுதித் தரலாம், தாத்தா பாட்டிக்கும் பிள்ளையோடு இருக்க நேரம் ஒதுக்கலாம் என்றெல்லாம் அதில் பரிந்துரைகள் உண்டு. 1890-ஆம் ஆண்டுச் சட்டத்தில் புதிதாக ஒரு அத்தியாயமே சேர்க்கச் சொன்னது. அன்றைக்குப் பள்ளியில் இருந்த பிள்ளைகள் வளர்ந்து கல்லூரிக்கும் போய்விட்டார்கள். அறிக்கை அறிக்கையாகவே இருக்கிறது. எந்தக் கட்சியின் தேர்தல் அறிக்கையிலாவது இதைத் தேடியிருக்கிறோமா? தொகுதிக்கு வந்த வேட்பாளரிடம் ஒருவராவது கேட்டிருக்கிறோமா? நாம் கேட்காததை அவர்கள் செய்யவில்லை.

2020 ஜனவரியில் யஷிதா சாஹு வழக்கில் உச்ச நீதிமன்றம் இன்னும் வெளிப்படையாகப் பேசியது. ஒருவரிடம் பிள்ளையை ஒப்படைக்கும் நீதிமன்றங்கள் பெரும்பாலும் மற்றவர் பிள்ளையைச் சந்திப்பதற்கான ஏற்பாட்டைச் சொல்லாமலே விட்டுவிடுகின்றன என்று அது வருத்தப்பட்டது. பெற்றோர் இருவரின் அன்பும் பிள்ளையின் அடிப்படை மனித உரிமை என்றது. பிள்ளை தன்னிடம் இல்லாத பெற்றோர் தினமும் ஐந்து பத்து நிமிடமாவது அதனோடு பேச வழி இருக்கவேண்டும் என்றும் சொன்னது. இன்றைக்கு ஐந்தாம் வகுப்புப் பிள்ளையின் கையிலும் வீடியோ கால் பேசும் போன் இருக்கிறது. பத்து நிமிடம் பேசுவதற்குத் தொழில்நுட்பம் தடையில்லை. "போனைக் குடுக்காத" என்று சொல்லும் நாம்தான் தடை.

ஆனால் நீதிமன்றப் படி ஏறுகிறவர்கள் சிறுபான்மை. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில், விவாகரத்துப் பெற்றவர்களைப் போல இரண்டு மடங்குக்கும் அதிகமானோர் விவாகரத்து இல்லாமலே பிரிந்து வாழ்வதாகப் பதிவானார்கள். அவர்களின் பிள்ளைகளுக்கு எந்த உத்தரவும் கிடையாது, எந்த மனுவும் கிடையாது. கிராமத்தில் பஞ்சாயத்துக் கூடும். பொண்ணு வீட்டார் போட்ட நகை, பித்தளைப் பாத்திரம், வண்டி வாங்கக் கொடுத்த பணம் என்று பேச்சு இரவுவரை ஓடும். எல்லாம் பேசி முடித்துத் துண்டை உதறி எழும்போது ஒருவர் கேட்பார், "பிள்ளை?" இன்னொருவர் சொல்வார், "ஆத்தாகூட இருக்கட்டும்." அதோடு பிள்ளையின் பதினைந்து வருடம் முடிவாகிவிடுகிறது. அந்தத் திண்ணையில் உட்கார்ந்திருந்தவர்களில் நம் அப்பாக்களும் மாமாக்களும் உண்டு. காப்பி கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு உள்ளே நின்று கேட்டுக்கொண்டிருந்த அம்மாக்களும் அத்தைகளும் உண்டு. எவரும் "லீவுக்குப் பிள்ளை எங்க இருக்கும்?" என்று கேட்டதில்லை.

இங்கே இன்னொன்றையும் சொல்லியாகவேண்டும். விடுமுறைப் பங்கீடு என்றாலே பிள்ளையைப் பார்க்கத் துடிக்கும் அப்பா, காட்ட மறுக்கும் அம்மா என்ற ஒரே படம்தான் நம் மனதில் ஓடுகிறது. அப்படிப்பட்ட வீடுகள் உண்டு, அந்த அப்பாக்களின் துயரம் பெரியது. அதைவிட அதிகமாக நம் கண்ணெதிரே இருப்பது வராமலே இருந்துவிட்ட அப்பாக்கள். திருப்பூரில் பனியன் கம்பெனியில் ஷிஃப்ட் பார்க்கும் ஒரு தாய்க்குக் கோடை விடுமுறை என்றால் என்ன? பள்ளி மூடினால் மதியச் சத்துணவு இல்லை. 2022-இல் தொடங்கிய காலை உணவுத் திட்டமும் பள்ளி நடக்கும் நாளில்தான். காலை எட்டு மணிக்கு அவள் வேலைக்குப் போனால் ஏழு வயதுப் பையனை யார் பார்ப்பது? வீட்டைப் பூட்டி உள்ளே விட்டுப் போகிறவர்கள் உண்டு. பக்கத்து வீட்டு அக்காவிடம் சாவியும் பிள்ளையும் சேர்த்து ஒப்படைப்பவர்கள் உண்டு. பாட்டி இருந்தால் ஊருக்கு பஸ் ஏற்றிவிடுவார்கள். அந்த நாற்பது நாளில் இருபது நாள் பார்த்துக்கொள்வது அப்பாவின் கடமை என்று அந்த அப்பாவிடம் சொல்ல நம்மில் ஆளில்லை. 'அவன் ஆம்பள, அவனுக்கு என்ன தெரியும் புள்ள வளக்க' என்று நாமே தீர்ப்புச் சொல்லி அவனை விடுவித்துவிட்டோம். வருகிறேன் என்று சொன்ன நாளில் பையைக் கட்டி வைத்துக்கொண்டு திண்ணையில் உட்கார்ந்திருக்கும் பிள்ளையிடம், "வேல இருக்கும்டா, அடுத்த வாரம் வருவாரு" என்று பொய் சொல்லும் வேலையையும் அந்தத் தாய்க்கே கொடுத்தோம்.

வளைகுடாவில் வேலை பார்க்கும் அப்பாக்களின் கதை வேறு. அவர்களுக்கு விடுப்பு கிடைக்கும் மாதம் அவர்கள் கையில் இல்லை. மே மாதத்தின் இரண்டாம் பாதி என்று உத்தரவு இருக்கும், கம்பெனி லீவு ஆகஸ்டில் கொடுக்கும். ஆகஸ்டில் பள்ளி நடக்கிறது. அவர் ஊரில் இருக்கும் முப்பது நாளும் மாலை வேளைகளில் பிள்ளையைப் பள்ளியிலிருந்து கூட்டி வரட்டும், வார இறுதியில் தன்னோடு வைத்துக்கொள்ளட்டும் என்று முன்பே எழுதி வைக்க முடியும். எத்தனையோ குடும்பங்கள் கடல் தாண்டி வாழும் மாவட்டங்களில்கூட இதை யோசித்து எழுதிய ஒப்பந்தம் அபூர்வம்.

உறவுக்காரர்களாகிய நம் பங்கு இதில் எல்லாவற்றையும்விடக் கசப்பானது. கோடை விடுமுறை என்பது நம் பிள்ளைகளுக்கு வெறும் ஓய்வாக இருந்ததில்லை. தாத்தா ஊர், மாரியம்மன் கோயில் திருவிழா, சித்திரையில் மதுரை, நெல்லைப் பக்கம் கோயில் கொடை, பெரியப்பா பிள்ளைகளோடு கிணற்றுக் குளியல், அத்தை வீட்டு மாங்காய் என்று உறவைப் பழகிக்கொள்ளும் காலம் அது. பெற்றோர் பிரிந்தால் பிள்ளைக்குப் பாதி உறவு ஒரே நாளில் காணாமல் போகிறது. அம்மாவிடம் வளரும் பிள்ளைக்கு அத்தை யார், சித்தப்பா யார், குலதெய்வம் எந்த ஊரில் என்று தெரியாது. அப்பாவிடம் வளரும் பிள்ளைக்குக் காதுகுத்தின்போது மடியில் உட்காரவைக்க வேண்டிய தாய்மாமன் வாசலோடு நிறுத்தப்படுகிறார். கணவன் மனைவிக்குள் வந்த பிரிவை நாம் ஊர் ஊராக இழுத்துப்போய், அத்தைக்கும் மருமகளுக்கும், மாமனுக்கும் மருமகனுக்கும், பாட்டிக்கும் பேத்திக்கும் நடுவில் வைத்தோம். அந்த அத்தைக்குப் பிள்ளை என்றால் உயிராக இருந்திருக்கும். அவரிடம் நாம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. அவரும் "நமக்கு எதுக்கு வம்பு" என்று ஒதுங்கினார். இரண்டு வீட்டுக்கும் பொதுவாகப் போய்வரக்கூடிய ஒரே ஒரு பெரியவர் இருந்திருந்தால் பல பிள்ளைகளின் கோடை தப்பித்திருக்கும். நாம் எல்லோரும் கட்சி கட்டினோம்.

விடுமுறை முடிந்து திரும்பிய பிள்ளையை நாம் வரவேற்கும் விதமும் மாறவேண்டும். செருப்பைக் கழற்றும் முன்பே விசாரணை ஆரம்பிக்கும். "அங்க என்ன போட்டாங்க?" "உங்கப்பாகூட வேற யாராவது இருந்தாங்களா?" "பாட்டி என்னைப் பத்தி என்ன சொன்னா?" "என்ன இப்படி கறுத்துப் போய் வந்திருக்க, கவனிக்கவே மாட்டாங்களா?" பிள்ளை கெட்டிக்காரப் பிள்ளை. எந்தப் பதில் இந்த வீட்டில் பிடிக்கும் என்று இரண்டு தடவையில் கற்றுக்கொள்கிறது. அங்கே சந்தோஷமாக இருந்ததை இங்கே மறைக்கிறது, இங்கே பிடித்ததை அங்கே மறைக்கிறது. பிறகு "நான் அங்க போகல" என்று அதுவே சொல்லும்போது, பார்த்தீர்களா, பிள்ளையே வேண்டாம் என்கிறது என்று அதை நீதிமன்றத்தில் சாட்சியாகக் கொண்டுபோய் வைக்கிறோம். பிள்ளையின் விருப்பத்தைக் கேட்கச் சொல்லும் சட்டத்தை நாம் இப்படிப் பயன்படுத்தியிருக்கிறோம். ஆறு வயதுப் பிள்ளையிடம் "உனக்கு யார் வேணும், அம்மாவா அப்பாவா?" என்று கேட்பது கொடுமை. அதே பிள்ளையிடம் "தாத்தா ஊர்த் திருவிழாவுக்குப் போறியா, இல்ல தம்பி பிறந்தநாளுக்கு இங்க இருக்கியா?" என்று கேட்பது மரியாதை. விருப்பத்தைக் கேட்பது என்றால் இரண்டாவதுதான்.

பள்ளிகளையும் விட முடியாது. ஜூன் மாதம் முதல் வாரத்தில் 'கோடை விடுமுறையை எப்படிக் கழித்தேன்' என்று கட்டுரை எழுதச் சொல்லும் வழக்கம் இன்னும் போகவில்லை. வகுப்பில் நாற்பது பிள்ளைகள் இருந்தால் அதில் ஒன்றிரண்டு என்ன எழுதும் என்று யோசித்த ஆசிரியர்கள் இருக்கிறார்கள், எல்லோரும் யோசித்ததில்லை. பெற்றோர் வாட்ஸ்அப் குழுவில் ஒரு எண்தான் இருக்கிறது. ஆண்டு விழா, மதிப்பெண் அட்டை, தேர்வு அட்டவணை, விடுமுறை அறிவிப்பு எதுவும் இன்னொருவருக்குப் போவதில்லை. கடைசித் தேர்வு முடிந்த மதியம் யாரிடம் பிள்ளையை அனுப்புவது என்று தெரியாமல் பள்ளி வாசலில் இரண்டு குடும்பம் சண்டை போடுவதை வாட்ச்மேன் விலக்கிவிட்டிருக்கிறார். நீதிமன்ற உத்தரவின் நகலை ஒரு கோப்பில் வைத்து, இரண்டு எண்களுக்கும் ஒரே செய்தியை அனுப்புவது எந்தப் பள்ளிக்கும் செலவில்லாத காரியம். பத்தாம் வகுப்பும் பன்னிரண்டாம் வகுப்பும் வந்தால் சிறப்பு வகுப்பு என்று விடுமுறையையே பிடுங்கிக்கொள்கிறோம். பெற்றோர் சேர்ந்திருக்கும் பிள்ளைக்கு அது அலுப்பு. பிரிந்திருக்கும் பிள்ளைக்கு அப்பாவையோ அம்மாவையோ பார்க்கும் ஒரே வாய்ப்பு பறிபோவது.

பத்திரிகைகளில் எழுதும் நாங்கள் என்ன செய்தோம்? பிரபலங்களின் விவாகரத்தைத் தொடர் செய்தியாக்கினோம். ஜீவனாம்சத் தொகையைத் தலைப்பில் போட்டோம். குடும்ப நீதிமன்ற வழக்குகள் பெருகுவதைக் கலாசாரச் சீரழிவு என்று தலையங்கம் எழுதினோம். பிரிந்தவர்கள் பிள்ளையை எப்படி நல்லபடியாக வளர்க்கலாம் என்று எழுத இடம் ஒதுக்கவில்லை. அப்படி எழுதினால் பிரிவை ஊக்குவிப்பதாகிவிடும் என்று பயந்தோம். பயந்ததால் பிரிவு குறையவில்லை. வழிகாட்டல் மட்டும் இல்லாமல் போனது.

ஒரு எச்சரிக்கையை அழுத்திச் சொல்லவேண்டும். அடி உதை நடந்த வீட்டில், குடித்துவிட்டுப் பிள்ளையின் கண்ணெதிரே அம்மாவின் தலையை மோதிய வீட்டில், பிள்ளையிடமே தவறாக நடந்துகொண்டதாகச் சந்தேகம் உள்ள வீட்டில் பங்கீட்டுப் பேச்சே கூடாது. அங்கே முதலில் பாதுகாப்பு. 2005-ஆம் ஆண்டின் குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டம் 21-ஆவது பிரிவில், சந்திப்பு பிள்ளைக்குத் தீங்கு என்று தெரிந்தால் நீதித்துறை நடுவர் அதை மறுக்க வேண்டும் என்று தெளிவாகச் சொல்கிறது. சந்திப்பு அவசியம் என்று பட்டால் நீதிமன்ற வளாகத்துக் குழந்தைகள் மையம் போல, மூன்றாவது ஆள் கூடவே இருக்கும் இடத்தில் அது நடக்கட்டும். "என்ன இருந்தாலும் அப்பன்தானே, அனுப்பி வை" என்று இப்படிப்பட்ட தாயிடம் சொன்ன உறவினர்களும் நாம்தான். தேவையில்லாத வீட்டில் தடுத்தோம், தடுக்க வேண்டிய வீட்டில் அனுப்பச் சொன்னோம்.

மற்ற வீடுகளில், அதாவது பெரும்பாலான வீடுகளில், செய்யக் கூடியது கடினமானது இல்லை. பிரான்சில் பிரியும் பெற்றோருக்கு நீதிமன்றங்கள் தரும் வழக்கமான ஏற்பாடு எளிமையானது. இரட்டைப்படை ஆண்டுகளில் விடுமுறையின் முதல் பாதி ஒருவருக்கு, ஒற்றைப்படை ஆண்டுகளில் இரண்டாம் பாதி. சண்டைக்கு இடமே இல்லை, காலண்டரைப் பார்த்தால் போதும். நம் ஊருக்குத் தகுந்தபடி இதை மாற்றிக்கொள்ளலாம். கோடையை இப்படிப் பிரித்தால், ஓராண்டு தீபாவளி இங்கே பொங்கல் அங்கே, மறு ஆண்டு மாற்றி. எந்தப் பக்கத்துக் குலதெய்வக் கோயில் திருவிழா வருகிறதோ அந்த மூன்று நாள் அந்தப் பக்கம். பிள்ளை சின்னதாக இருந்தால் இருபது நாளை ஒரே மூச்சில் வைக்காமல் வாரம் வாரமாக மாற்றலாம், தாயைப் பிரிந்து தூங்கிப் பழகாத மூன்று வயதுக் குழந்தையை இருபது நாள் அனுப்புவது அதற்கும் துன்பம், கூட்டிப்போனவருக்கும் துன்பம். அண்ணன் தங்கையைப் பிரிக்க வேண்டாம், சேர்ந்தே போய்வரட்டும். பள்ளி திறப்பு தள்ளிப்போனால் கூடுதல் நாள் யாரிடம் பிள்ளை இருக்கிறதோ அவருக்கு, ஈடு அரையாண்டு விடுமுறையில். எங்கே கொண்டுவந்து விடுவது, எத்தனை மணிக்கு, பஸ் டிக்கெட் யார் செலவு, மருந்துச் சீட்டு யார் கையில் என்பதையும் எழுதிவிடவேண்டும். தினமும் இரவு எட்டு மணிக்குப் பத்து நிமிடம் மற்றவர் போனில் பேசட்டும், அப்போது பக்கத்தில் நின்று யாரும் காது கொடுக்க வேண்டாம். பதின்மூன்று பதினான்கு வயது வந்துவிட்டால் திட்டத்தை முதலில் பிள்ளையிடம் காட்டுங்கள். அதற்கு நண்பர்கள் இருப்பார்கள், கிரிக்கெட் மேட்ச் இருக்கும், அதற்கும் இந்த விடுமுறையில் ஒரு பங்கு உண்டு.

இதை எழுத வழக்குப் போடவேண்டும் என்பதில்லை. சென்னை உயர் நீதிமன்றத்தில் 2005-இல் தொடங்கிய சமரச மையத்தைப் பின்பற்றி மாவட்டங்களிலும் மையங்கள் இயங்குகின்றன. 1987-ஆம் ஆண்டின் சட்டப் பணிகள் ஆணைக்குழுக்கள் சட்டப்படி பெண்களும் குழந்தைகளும் வருமானக் கணக்கு இல்லாமல் இலவச சட்ட உதவி பெறலாம், மாவட்ட நீதிமன்ற வளாகத்தில் உள்ள சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் ஒரு மனு கொடுத்தால் போதும். பஞ்சாயத்துப் பேசிப் பிரிந்தவர்களுக்கும் அந்தக் கதவு திறந்திருக்கிறது. இந்த விவரத்தைக்கூட நாம் அவர்களுக்குச் சொல்லவில்லை.

பள்ளிக் கல்வித் துறை சில ஆண்டுகளாகக் கல்வியாண்டின் தொடக்கத்திலேயே தேர்வும் விடுமுறையும் குறித்த நாட்காட்டியை வெளியிடுகிறது. அது வெளிவரும் வாரத்தில், உங்கள் உறவில், தெருவில், அலுவலகத்தில் பிரிந்து வாழும் பெற்றோர் யாராவது இருந்தால் அதில் ஒரு பிரதி எடுத்துக்கொண்டு இரண்டு வீட்டுக்கும் போய்வாருங்கள். யார் பக்கம் நியாயம் என்று பேச வேண்டாம், அது உங்கள் வேலை இல்லை. தேதிகளை மட்டும் குறித்து, இருவரிடமும் கையெழுத்து வாங்கி, ஆளுக்கொரு நகல் கொடுங்கள். மூன்றாவது நகலைப் பிள்ளையிடம் கொடுங்கள்.